அலாரத்தை 'ஆர்ம்' செய்: தமிழில் என்ன?

ஓசூர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பெல்லாம் வைத்துச் சுற்றுலா வண்டியாக மாற்றித் தரும் ஒரு பட்டறைக்காக, திருட்டு அலாரத்தை நாமே பொருத்திக்கொள்ளும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும். சென்சார், சைரன் எல்லாம் அப்படியே விட்டாயிற்று. அலாரத்தை விழிப்பில் வைக்கிற 'ஆர்ம்', அதை விலக்குகிற 'டிஸ்ஆர்ம்' இரண்டில்தான் சிக்கல். கணினியைக் கேட்டால் "கதவைச் சாத்தி 30 நொடிக்குள் வண்டியை ஆயுதபாணியாக்கவும்" என்கிறது. வண்டி போகப்போவது ஒகேனக்கல்லுக்கு, போருக்கு அல்ல. 'ஆன் செய்' சரிவராது. அலாரப் பெட்டிக்கு 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். கதவு திறந்தால் கத்துவதா, சும்மா இருப்பதா என்பதுதான் மாறுகிறது.

தருமபுரி, செவ்வாய் காலை

தம்பி, கணினியை ரொம்பத் திட்டாதே. 'அலாரம்' என்பதே இத்தாலியில் 'ஆயுதம் எடு' என்ற கூவலிலிருந்து வந்ததுதான். நமக்கு அது வேண்டாம், 'ஏமம்' இருக்கிறது. காவல் என்று பொருள். ஏமமூட்டு, ஏமம் நீக்கு. இன்னொன்று: தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள் குறிஞ்சிப்பாட்டில் வருகின்றன. சைரனுக்குத் 'தட்டை' என்று வைத்தால் என்ன? மாடு மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நட்ட தகடூர் மண்ணில் காவலுக்கா சொல் பஞ்சம்?

கிருஷ்ணகிரி, செவ்வாய் மதியம்

ஐயா, ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்துகிறவள் சொல்கிறேன். 'ஏமம்' என்று பலகையில் எழுதினால், "ஏமாந்தது யார் மேடம்?" என்று கடைசி பெஞ்சு கேட்கும். 'தட்டை' என்றால் தட்டையான சைரனைத் தேடுவார்கள். 'காவல்' போதும். காவலில் வை, காவலிலிருந்து எடு.

பென்னாகரம், செவ்வாய் இரவு

'காவலில் வை' என்றால் 15 நாள் ரிமாண்ட் மாதிரி இருக்கிறதே மேடம், வண்டி என்ன தப்பு செய்தது? எங்கள் பக்கம் பன்றிக்குப் பயந்து கடலைக்காட்டில் 'காவல் போட்டிருக்கோம்' என்பார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். எதிர்ப்பதத்துக்கு 'எடு' வேண்டாம். விடுப்பு எடு என்றால் மேற்கொள், கறையை எடு என்றால் நீக்கு. நடுராத்திரியில் சைரன் அலறும்போது வண்டிக்காரன் இலக்கணமா பார்ப்பான்?

தருமபுரி, புதன் காலை

ஏமம் மாறினவன்தான் ஏமாறினான் என்பது என் நெடுநாள் கணிப்பு. ஆக, அம்மா, உங்கள் கடைசி பெஞ்சு தெரியாமலே சொற்பிறப்பு பேசுகிறது. கதவில் வைக்கிற ரீட் சுவிட்சையும் ஏன் விட வேண்டும்? நாதஸ்வரத்தில் நாணலால் செய்து செருகுகிறார்களே, சீவாளி. அதுவும் ரீட்தான். 'சீவாளி விசை' என்று போடு, தம்பி.

கிருஷ்ணகிரி, புதன் மதியம்

அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் சீவாளி ஊதினால் அதிரும். இது கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை ஒட்டியிருக்கும், கதவு திறந்து காந்தம் விலகினால் பிரியும். அவ்வளவுதான்.

'காவல்' என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. வண்டிக்குள் ஆள் படுத்திருக்கும்போது, உடல் சூட்டின் அசைவைப் பிடிக்கிற சென்சாரை நிறுத்திவிட்டுக் கதவை மட்டும் பார்க்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தவரே திருடன் ஆகிவிடுவார். முழுக்காவல், கதவுக்காவல் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். 'கதவேமம்' என்று சொல்லிப் பாருங்கள், ஐயா. பென்னாகரத்து 'காவல் போடு' எனக்குச் சம்மதம்.

ஓசூர், வியாழன் காலை

எல்லாருக்கும் நன்றி. 'காவல் போடு', 'காவல் நீக்கு', 'கதவுக்காவல்' என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ரீட் சுவிட்ச் ரீட் சுவிட்சாகவே போகிறது. நேற்றிரவு பட்டறைப் பையனிடம் வாசித்துக் காட்டினேன். 'போடு' வரைக்கும் தலையாட்டினான். 'காவல் நீக்கு' வந்ததும், "பெட்டியையே கழட்டிடணுமாண்ணா?" என்றான். திருத்த நேரமில்லை.

தருமபுரி, வியாழன் காலை

'ஏமம் தளர்த்து' என்று போட்டிருந்தால் அவன் கேட்டிருக்கவே மாட்டான். இரண்டாம் பதிப்பு எப்போது, தம்பி?