தெர்மோஸ்டாட்டுக்குச் ‘சூட்டுமடை’: ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு,

நாம் தமிழில் சொல் தேடிப் பட்டியலிடும் கார் எஞ்சின் குளிர்விப்புச் சொற்களில் தெர்மோஸ்டாட் இன்னும் முடிவாகவில்லை. ‘வெப்பநிலைப்பி’ போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். இஸ்திரிப்பெட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அது பொருந்தும்; அங்கே அது மின்சாரத்தை வெட்டியும் சேர்த்தும் வேலை செய்கிற சுவிட்ச். பெரும்பாலான கார்களில் இருப்பது மின்சாரமே தேவைப்படாத ஒரு வால்வு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலண்ட் ஓடும் வழியில் உட்கார்ந்து, எஞ்சின் சூடாகும்வரை அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைக்கும். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு. 82 டிகிரி, 88 டிகிரி என்று அதிலேயே பொறித்திருக்கும் சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும், தகடு விலகும், வழி திறக்கும். சூடு தணிந்தால் ஸ்பிரிங் திரும்ப மூடிவிடும்.

குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதைக் கேட்டதும் மடைதான் நினைவுக்கு வரும். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் சானல் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வயலுக்கு இறங்குவது மடை வழியாகத்தான். வேண்டும்போது திறப்பது, போதும் என்றால் அடைப்பது. ஆகவே என் பரிந்துரை: சூட்டுமடை.

‘வெப்பமடை’ என்று ஏன் வைக்கக்கூடாது என்று ஓர் ஐயா தனிமடலில் கேட்டிருந்தார். ‘வெப்பமடைந்தது’, ‘வெப்பமடையும்’ என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். ‘எஞ்சினில் வெப்பமடை திறக்கவில்லை’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார், வினையா பெயரா என்று. ‘சூட்டுமடை’யில் அந்தக் குழப்பம் இல்லை, வாய்க்கும் எளிது.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே வண்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பழுதின் தன்மையை இது காட்டிக்கொடுக்கும். மடை மூடியபடி சிக்கினால் வண்டி கொதிக்கும். திறந்தபடி சிக்கினால் எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகும், எரிபொருள் செலவு கூடும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஃபேனில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் முதலில் அது ஆறித்தான் இருக்கும், அப்புறம் சட்டென்று சூடு ஏறும். அதுதான் மடை திறந்த நேரம். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டும் ஹோஸ் ஆறியே இருந்தால், கூலண்ட் அளவும் சரியாக இருந்து ஏர்லாக்கும் (உள்ளே காற்று சிக்கி அடைப்பது) இல்லையென்றால், சந்தேகம் முதலில் மடைமேல் விழ வேண்டும். கழற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு வெப்பமானியோடு பார்த்தால் தெரிந்துவிடும். பொறித்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லை என்றால் புதிது வாங்கிப் போடுவதுதான் வழி.

மார்த்தாண்டம் நெரிசலில் மட்டும் ஊசி ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றில் ஓடும்போது இறங்குகிறதா? அப்படியென்றால் மடையை விட்டுவிட்டு ஃபேன், அதன் ஃப்யூஸ், அதற்கு மின்சாரம் விடும் ரிலே பக்கம் போகலாம்.

எங்கள் பக்கம் ‘இந்த வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. சில எஞ்சின்களில் அதே மடையின் மறுபக்கத் தகடுதான், ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் புறவழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் சூடான கூலண்டில் ஒரு பங்கு ஆறாமலே சுற்றும். குளிர்விக்கப் போய்ச் சூட்டைக் கூட்டிக்கொள்வோம். மடை என்று பெயரிருந்தால், மடையில்லாமல் தண்ணீர் போகிறபோக்கில் போகும் என்பது யாருக்கும் புரியும்.

பட்டியலில் ‘வெப்பநிலைப்பி’ பொதுச்சொல்லாக இருக்கட்டும். காருக்கு ‘சூட்டுமடை’, பைபாஸுக்குப் ‘புறவழி’ என்று சேர்க்கலாம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. வெறும் ‘மூடி’ என்று போட எனக்கு மனம் ஒப்பவில்லை. கூலண்டை அழுத்தத்தில் வைத்து அதன் கொதிநிலையை உயர்த்துவதே அந்த மூடி. சூடான எஞ்சினில் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், கொதிக்கும் நீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். ‘அழுத்தமூடி’ என்றால் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கும். ஆனால் ‘அழுத்தமாக மூடு’ என்று சிலர் படிக்கலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.