மும்பையில் வேலை நிமித்தம் தங்கிய அனுபவங்கள்: தினப்படி 2,500 ரூபாய்க்குள்

பம்ப்செட்_கோவை

அந்தேரி கிழக்கில் சாக்கிநாக்கா, இரவு 11.40. அந்த இடம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கையில் 14 கிலோ கருவிப் பெட்டி, முதுகில் துணிப்பை, கைப்பேசியில், அறை எடுத்த செயலியில், ‘முன்பதிவு உறுதி’ என்று பச்சை எழுத்து. 1,850 ரூபாய், முன்பே கட்டியாகிவிட்டது. ரிசப்ஷன் பையன் கைப்பேசியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “ஃபுல் ஹை”, எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றான். அந்தச் செயலிக்காரர்களோடு முதலாளிக்குத் தகராறாம். பணத்தை அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

என்னை இன்றுவரை அரிப்பது அதுவல்ல. அவன் தலைக்குப் பின்னால் சாவிப் பலகை இருந்தது. மொத்தம் 18 ஆணி. நின்ற நிலையில் எண்ணினேன், வேறு என்ன செய்வது? 11 சாவிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை. மின்விசிறிக் காற்றில் அவை லேசாக ஆடி, ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நான் விரலை நீட்டிப் பலகையைக் காட்டினேன். அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். அவ்வளவுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரோல் வரை நடந்து, 3,200 ரூபாய்க்கு ஒரு லாட்ஜில் படுத்தேன். நிறுவனம் 2,500க்கு மேல் ஒரு பைசா தராது. செயலிக்காரர்கள் 9 நாள் கழித்துப் பணத்தைத் திருப்பினார்கள். 11 சாவி இருந்தும் அறை இல்லை என்றால் என்ன அர்த்தம்?

பழைய_மேனேஜர்

தம்பி, சாவி தொங்கினால் அறை காலி என்று யார் சொன்னது? தாதரில் ஒரு லாட்ஜில் 12 ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்தவன் நான். வெளியே போகிற வாடிக்கையாளர் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போவார். மும்பையில் இரவு 11.40க்குப் பாதிப் பேர் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கோரேகாவ் மைதானத்தில் பெரிய கண்காட்சி நடக்கிற வாரம், அடைமழை நாள், முகூர்த்த நாள் இதெல்லாம் வந்தால் நேரில் வருபவர் 3,000 ரூபாயை ரொக்கமாக வைப்பார். உங்கள் 1,850இல் கமிஷன் போக மிச்சம் எங்களுக்கு எப்போதோ வரும். எந்த முதலாளி எந்தச் சாவியை எடுத்துக் கொடுப்பான் என்று நீங்களே யோசியுங்கள். அன்று மாலை 5 மணிக்கு லாட்ஜுக்கே போன் செய்து, “இரவு தாமதமாக வருவேன், அறையைப் பிடித்து வையுங்கள்” என்று சொல்லி, பேசியவர் பெயரைக் கேட்டு வைத்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது.

பம்ப்செட்_கோவை

ஐயா, 5 மணிக்கு நான் ரயிலில் இருந்தேன். 11 பேரும் ஒரே நேரத்தில் வெளியே போயிருந்தார்களா? வாரநாளில், அந்த நேரத்தில், சாக்கிநாக்காவில்?

தணிக்கைக்காரி

நான் சென்னை. வங்கிக் கிளைத் தணிக்கைக்காக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மும்பை போவேன். சாவிக் கதையைப் படித்ததும் என் 204ஆம் எண் நினைவுக்கு வந்தது.

செக் இன் செய்தபோது கூடத்தில் சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்தவர் சாவியை நீட்டிக்கொண்டே உரக்கக் கேட்டார்: “இருநூற்று நான்கு. மேடம் தனியாகத்தானே?” வேறு அறை கேட்டேன். இல்லை என்றார். அப்போதே வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் மணி 10, காலையில் 9 மணிக்கு ஃபோர்ட்டில் இருந்தாக வேண்டும்.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது, திருகாணி ஒன்று இல்லை. கைப்பிடி கீழே அழுத்தித் திறக்கிற வகை. அதன் மேல் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து, விளக்கை அணைக்காமல் படுத்தேன். 2.15க்குப் போத்தல் விழுந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, மொசைக் தரையில் எவர்சில்வர் விழுந்து, கட்டில் காலில் முட்டி நிற்கிற வரைக்கும் உருண்ட அந்தச் சத்தம், அதைத்தான் மறக்க முடியவில்லை. வெளியே யாரும் ஓடவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. விடியும் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கேட்டால், “பக்கத்து அறைக்காரர் தவறுதலாகத் தொட்டிருப்பார்.” இருக்கலாம். ஏசி அதிர்விலேயே விழுந்திருக்கவும் கூடும். அது தெரியாமல் இருப்பதுதான் தொந்தரவு.

அந்தக் கிளையின் மேலாளர் அடுத்த முறை வங்கியின் விருந்தினர் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார். வாளியும் குவளையும்தான் வசதி. நன்றாகத் தூங்கினேன்.

ஊர்சுற்றி

எனக்கு 30 ஆண்டு மார்க்கெட்டிங் அனுபவம். ஒருமுறை மட்டும் பைகுல்லாவில் மூட்டைப்பூச்சி, வேறொன்றும் இல்லை. காரணம் எச்சரிக்கை. சகோதரிக்குச் சில யோசனைகள்.

போத்தல் வேலையெல்லாம் வேண்டாம். கதவடியில் செருக ரப்பர் ஆப்பு ஒன்று வாங்கி எப்போதும் பையில் போட்டுவையுங்கள். விலை சொற்பம். தரைத்தளம் வேண்டாம், ஜன்னல் வழியாக ஆள் வருவான். ரொம்ப உயரமும் வேண்டாம், தீயணைப்பு ஏணி எட்டாது. இரண்டிலிருந்து ஐந்தாம் மாடிக்குள் கேளுங்கள். அறைக்குள் போனதும் முதலில் பாத்ரூமைப் பார்க்காதீர்கள். தாழ்வாரத்தில் இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது, அதன் கதவு திறக்கிறதா, அங்கே மெத்தையும் பழைய நாற்காலியும் அடுக்கியிருக்கிறார்களா என்று நடந்துபோய்ப் பாருங்கள். 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் டெல்லி கரோல்பாகில் ஒரு ஓட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள். மலிவு ஓட்டல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அறை எண்ணை உரக்கச் சொன்னால் உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியேறுங்கள். வீட்டுக்கு விலாசத்தை அனுப்பி வையுங்கள். இரவு 9க்குப் பிறகு போய்ச் சேர்கிற ரயிலையே எடுக்காதீர்கள். முடிந்தால் இதுபோன்ற வேலைக்குத் துணையோடு போவது நல்லது.

தணிக்கைக்காரி

மாடிப்படி விஷயத்துக்கு நன்றி, அதை நான் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பேன். மற்றபடி, அறையை மாற்றக் கேட்டேன், மறுத்தார் என்று எழுதியிருக்கிறேன். துணைக்கு வருபவருக்குத் தினப்படி யார் தருவார்கள்? உங்கள் 30 ஆண்டுகளில் எத்தனை முறை துணையோடு போனீர்கள்?

புறக்கோட்டை_வியாபாரி

நான் கொழும்பு. துணி எடுக்க மும்பை காள்பாதேவிக்கும் மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கும் வந்து போகிறவன். உங்களுக்கெல்லாம் சாவி இல்லை என்றார்கள். எனக்குச் சாவி இருந்தது, படிவம்தான் இல்லை. இது 2023இல் நடந்தது.

அப்போது வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களைச் சி படிவம் என்ற படிவத்தில் இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. சின்ன விடுதிகள் பல அதற்குப் பதிவே செய்துகொள்வதில்லை. முன்பதிவின்போது யாரும் இதைச் சொல்வதுமில்லை. மூன்று விடுதிகள் திருப்பி அனுப்பின. மூன்றாவதில் இருந்த பையன் என் கடவுச்சீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாமல், எச்சில் தொட்டுப் புரட்டினான். வாசலில் காவலுக்கு இருந்தவர் திருநெல்வேலிக்காரர். அவரிடம் தமிழில் முறையிட்டேன். “பேச்சைக் கேட்டால் நம் ஆள், புத்தகத்தைப் பார்த்தால் வெளிநாடு. நான் என்ன அண்ணாச்சி செய்ய?” என்றார். என்றாலும் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் படியில் உட்கார்ந்துகொண்டார். விடியும் வரை அப்படியே ஊர்க்கதை பேசினோம். அவருடைய அம்மாவுக்கு மூட்டு வலி, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். காலையில் இரட்டிப்பு விலைக்கு ஒரு பெரிய ஓட்டலில் அறை எடுத்துப் பகலெல்லாம் தூங்கினேன். துணி எடுக்கவில்லை.

டைல்ஸ்_மாதிரி

வரைபடத்தில் தூரம் பார்த்து அறை எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்தேரி மேற்கில் நல்ல அறை, சுத்தம், 2,200. வாடிக்கையாளர் அந்தேரி கிழக்கில். மூன்று கிலோமீட்டர் காட்டியது. ரயில் பாதை குறுக்கே இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அதைக் கடக்கிற கோகலே பாலத்தை 2022 நவம்பரில் மூடியிருந்தார்கள். நான் போனது மறு ஆண்டு ஜூலை. அன்று மழையில் சுரங்கப்பாதையிலும் தண்ணீர். ஆட்டோ, விலே பார்லே பக்கமாகச் சுற்றியது. ஒரு மணி நேரம் கழிந்த பிறகு ஓட்டுநர் மீட்டரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்: “நீங்கள் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தால் பத்து நிமிடம்.” இதை ஏறும்போது சொல்லியிருக்கலாம்.

பழைய_மேனேஜர்

தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறதே! வெர்சோவாவிலிருந்து காட்கோபர் வரை 2014 முதல் ஓடுகிறது. அந்தேரியில் ரயில் பாதையைத் தாண்டித்தான் போகிறது. எந்தப் பாலம் மூடினால் என்ன?

டைல்ஸ்_மாதிரி

இரண்டு பெட்டி டைல்ஸ் மாதிரிகள் ஐயா. நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறுவீர்களா?

வவுச்சர்_ராஜா

நான் பயணம் போவதில்லை. உங்கள் பில்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற கணக்குப் பிரிவுக்காரன். ஒரே ஒரு முறை மும்பை போனேன். பில்லில் என் பெயருக்குப் பதிலாக முந்தைய வாடிக்கையாளரின் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். நானே என் பில்லை நிராகரிக்க வேண்டியதாயிற்று.

பயணம் போகிற பலரும் ‘ஜிஎஸ்டி பில் தருகிற ஓட்டல்தான் வேண்டும், நிறுவனம் கேட்கிறது’ என்று 400, 500 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைப் பார்க்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் வரிதான் பில்லில் விழும். மும்பை ஓட்டல் என்றால் மத்திய வரியும் மகாராஷ்டிர மாநில வரியும். உங்கள் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய வரியில், கழிக்க வழியே இல்லை. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரி 5 சதவீதம். அதில் ஓட்டல்காரருக்கே உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் உள்ள அறைக்கு வரி இல்லை என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். அது 2022 ஜூலை 18ஆம் தேதியோடு முடிந்த கதை. பில் அவசியம், செலவுக்குச் சான்று வேண்டும். அதில் வரி எண் பளபளப்பாக இருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல தாழ்ப்பாள் உள்ள அறையாகப் பாருங்கள். தேதி, பெயர், அறை எண், எத்தனை இரவு, இவை நான்கும் சரியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பம்ப்செட் அண்ணா, செயலி ரத்து செய்த சான்றை இணைத்து, மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கியிருந்தால் உங்கள் 700 ரூபாயையும் தந்திருப்பேன்.

பம்ப்செட்_கோவை

நீங்கள் எங்கள் நிறுவனத்தில் இல்லையே.

ஆறடி

மும்பை சென்ட்ரல் நிலையத்தில் 2021 நவம்பரில் பெட்டி பெட்டியாய் அடுக்கிய படுக்கையறைகளைத் திறந்தார்கள். மொத்தம் 48. அப்போது 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய். சுத்தம், ஏசி, குறை சொல்ல முடியாது. ஆனால் என் உயரத்துக்குக் காலை நீட்டினால் சுவர், எழுந்து உட்கார்ந்தால் கூரை. அதிகாலை நாலரைக்கு யாரோ ஒருவருடைய அலாரம் அடித்தது. அவர் எழவில்லை. சுப்ரபாதம் முழுவதையும் கேட்டோம்.

நிலைய ஓய்வறைகளையும் மறக்காதீர்கள். உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் இணையத்திலேயே எடுக்கலாம். இன்னொன்று, 2025 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ பாதை கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டது. மரோல்நாக்காவில் வெர்சோவா-காட்கோபர் முதல் பாதையும் இந்த மூன்றாம் பாதையும் சந்திக்கின்றன. பாந்த்ரா குர்லா வளாகத்திலோ ஃபோர்ட் பகுதியிலோ வேலை என்றால், அங்கே போய் அநியாய வாடகை கொடுக்க வேண்டாம். மரோல் பக்கம் தங்கிவிட்டு மெட்ரோவில் போகலாம். பாந்த்ராவையும் சயானையும் தாண்டித் தெற்கே ஆட்டோ வராது என்ற கவலையும் இல்லை.

ஊர்சுற்றி

எல்லாம் சரி, அந்தச் சாக்கிநாக்கா லாட்ஜின் பெயரைச் சொல்லுங்கள். மற்றவர்கள் தப்பிப்பார்கள்.

பம்ப்செட்_கோவை

சொன்னாலும் பயனில்லை. போன மாதம் அந்த வழியாகப் போனபோது பெயர்ப்பலகையை மாற்றிவிட்டிருந்தார்கள். இப்போது வேறொரு செயலியில் இருக்கிறது, நாலரை நட்சத்திரம். மாடிப்படி மட்டும் அதே மாடிப்படி. ஏறிப் போனேன், சும்மாதான், எண்ணிப் பார்த்துவிடலாம் என்று. சாவிப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். அறைகளுக்கு அட்டைப் பூட்டு வந்துவிட்டது. பலகை இருந்த இடத்தில் 18 ஆணித் துளைகளுக்கும் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, ஒரு பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறார்கள். அறை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். அதே பையன்.