விற்பதற்கென்று கட்டிய முதல் வீடும் நாணயத்தோடு வந்த பெரியவரும்

மனை, அனுமதி, சிமெண்ட், கம்பி, கூலி எல்லாவற்றையும் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதி, எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்து, கடைசியில் லாபத்தையும் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாளில் நாட்களுக்கு இடமே இல்லை என்பது கடன் வாங்கிய பிறகுதான் உறைத்தது.

வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் தந்தது. எடுத்த தொகைக்கு எடுத்த நாளிலிருந்து வட்டி. சொந்த வீடு இரண்டு மாதம் தாமதமானால் குடிபோவது தள்ளிப்போகும். விற்கிற வீட்டில் அந்த இரண்டு மாதமும் நேராக லாபத்தில் கை வைக்கும்.

தளம் போட்டதும் அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லிப் பார்த்தேன். மேஸ்திரி அசையவில்லை. 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுதான் வரும், கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்கு என்றார். சரி, அங்கே போன நாட்களைப் பூச்சு வேலையில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுவர் நாலு வாரமாவது காயட்டும் என்று பெயிண்டர் சொன்னதைக் கேட்காமல், பத்தே நாளில் பெயிண்டுக்கு முன் பூசும் பட்டியைப் பார்க்க வைத்தேன்.

முதலில் ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர்கள் திரும்ப வரவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு பெரியவர். மாடிக் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டினார். ஒரு மூலைக்குப் போனதும் சத்தம் வெற்றாக மாறியது. அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை. "11 டைல்" என்று எண்ணிச் சொன்னார். அப்புறம், தண்ணீர் தேக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார். நல்லவேளை, டைல் ஒட்டுவதற்கு முன்பே வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிவு இல்லை என்று பார்த்துத் தேதியோடு போட்டோ எடுத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகுதான் விலை பேச உட்கார்ந்தார். சுவருக்குள் ஒயர் குழாய்கள் போகும் பாதைக்கும் போட்டோ கேட்டார். பூச்சுக்கு முன் எடுத்தது நாலே நாலுதான் இருந்தது, மங்கலாக.

பட்டியைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, டைல்களையும் மாற்றினேன். ஐந்து வாரம் ஆனது. பெரியவர் அதே நாணயத்தோடு திரும்பி வந்து தட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அடிக்கோடு போட்ட லாபத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது.

* * *

இதைப் படித்தேன். நானும் விற்பதற்கென்று ஒரு வீடு கட்டினேன், ஆனால் என் கதை வேறு மாதிரி. எனக்குப் பிடித்த அடர் நீலத்தில் சமையலறை அலமாரிகள் செய்து வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடுங்க எவ்வளவு ஆகும் என்று என் எதிரிலேயே கணக்குப் போட்டார்கள். அதைவிட மோசம், வீட்டைப் பூட்டி வைத்ததில் வந்த நாற்றம். கழிவுநீர்க் குழாயே சரியில்லை என்று பயந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். கடைசியில் பார்த்தால், புழங்காத குளியலறையின் டிராப்பில், அதாவது கழிவுநீர்க் குழாயின் வளைவில், நிற்க வேண்டிய தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தது. அந்தத் தண்ணீர்தான் குழாயிலிருந்து வாடை ஏறாமல் தடுப்பது. அதற்குப் பிறகு வாரம் ஒரு வாளி ஊற்றினேன், வாடை போய்விட்டது.

* * *

அடடா. பெரியவருக்கு வீட்டை விற்ற நான்தான் மறுபடி எழுதுகிறேன். டைல் மாற்றிய அந்த ஐந்து வாரமும் என் வீட்டில் அடித்த வாடைக்குப் பிளம்பரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். நாளைக்கு அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.