மூன்று ஆண்டு சுட்ட பின்னும் அடிப்படை வகுப்பா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் மூன்று ஆண்டுகளாகத் துப்பாக்கிச் சுடுதலில் ஈடுபட்டு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடுவது), கடந்த ஓர் ஆண்டாக 25 மீட்டரில் .22 பிஸ்டல் (வெடிமருந்துத் தோட்டாவால் சுடுவது). யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. சுடுதளத்தில் மூத்தவர்கள் போகிற போக்கில் சொன்னவற்றையும் நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்தே இதுவரை வந்திருக்கிறேன். ஏர் பிஸ்டலில் 60 ஷாட்களுக்கு, 600-க்கு 545 புள்ளிகள் வரை எடுத்ததுண்டு.

எங்கள் சுடுதளத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று வகுப்புகள் தொடங்கவிருக்கின்றன. நான் இடைநிலையில் சேர விரும்பினேன். பயிற்சியாளர் .22 பிஸ்டலால் பத்து ஷாட்கள் சுடச் சொன்னார். ஆனால் இலக்கை அவர் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திறந்தது முதல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது தோட்டா வெடிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று துப்பாக்கியைச் சற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே பின்னுக்கு நகரும் பாகம்) இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்றி, மிச்சத்தைச் சுட்டு முடித்தேன். சுட்ட ஒன்பதில் எட்டு கருப்பு வட்டத்துக்குள் இருந்தன. "நீங்கள் அடிப்படை வகுப்பிலிருந்து தொடங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

என் தங்கையும் இப்போது புதிதாகக் கற்க விரும்புகிறாள். துப்பாக்கியைத் தொட்டே அறியாத அவளுக்கும் எனக்கும் ஒரே வகுப்பு என்பது சரிதானா? இதில் எனக்குக் கற்க என்ன இருக்கும்? இன்னொரு ஐயமும் உண்டு. அவள் வலக்கைப் பழக்கம் உடையவள், ஆனால் குறிபார்க்கும்போது இடது கண்ணே முந்துகிறது. அவள் எந்தக் கையால் தொடங்க வேண்டும்?

மறுமொழி 1: ஒரு பயிற்சியாளர்

வணக்கம் நண்பரே. நான் பல ஆண்டுகளாக எல்லா நிலைகளிலும் வகுப்பு எடுத்து வருகிறேன். உங்கள் ஏமாற்றம் புரிகிறது. 545 என்பது குறைத்து மதிப்பிடக்கூடிய எண்ணிக்கை அன்று. ஆசிரியர் இல்லாமல் அதை எட்டியிருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் பொறுமையும் கைநிதானமும் இருக்கின்றன என்று பொருள். ஆயினும் உங்களுக்கான விடையை நீங்களே ஒரு வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "துப்பாக்கியைச் சற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு."

வெடிக்காத தோட்டா செத்த தோட்டா என்று எண்ணிவிடக் கூடாது. துப்பாக்கியின் ஊசி தட்டிய பிறகும் உள்ளே இருக்கும் மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால்தான் விசையிலிருந்து விரலை எடுத்து, குழல் முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, குறைந்தது 30 நொடிகள் அசையாமல் காத்திருக்கச் சொல்கிறோம்; போட்டியாக இருந்தால் மற்றக் கையை உயர்த்தி அலுவலரை அழைக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? வலக்கையில் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கவாட்டைப் பார்க்கத் திருப்பினால் குழல் இடப்பக்கம் நிற்பவரை நோக்கிப் போகும். அந்த நொடியில் உங்கள் விரல் விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நினைவில்லை என்றால், பழக்கம் இன்னும் கைக்குள் இறங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். உங்கள் பயிற்சியாளர் இலக்கைப் பார்க்காமல் கையைப் பார்த்ததன் காரணம் அதுதான். நானாக இருந்தாலும் அதே வகுப்பைத்தான் சொல்லியிருப்பேன். காரணத்தையும் விளக்கியிருப்பேன், அதை அவர் செய்யாதது குறைதான்.

ஏர் பிஸ்டலிலிருந்து வருபவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அங்கே ஒரு முறைக்கு ஒரே குண்டு; வெடிமருந்து இல்லை, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) தீர்ந்ததா என்ற கேள்வி இல்லை. .22-க்கு வந்ததும் ஒரு ஷாட் முடிந்த கணமே அடுத்த தோட்டா தானாகக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறி நிற்கிறது. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதை உணராமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கக்கூடும். இவற்றையெல்லாம் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, அமைதியான வேளையில், பத்து முறை, இருபது முறை செய்து பழகும் இடம் அடிப்படை வகுப்பு ஒன்றுதான். இடைநிலையில் நாங்கள் நேரக் கட்டுப்பாட்டோடு சுடச் சொல்கிறோம். தடங்கல் வந்தால் கை தானாகச் சரியானதைச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வகுப்பே நடக்கிறது.

அங்கே உங்களுக்குக் கற்க என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் ஏர் பிஸ்டலில் குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 320 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் 10 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் விலகலாகிவிடும். நடுவில் விழவேண்டிய 10 அப்போது 7 ஆகும். ஆனால் இரண்டு சைட்களும் நேராக இருந்து, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கிலும் விலகல் ஒரு மில்லிமீட்டர்தான். தானாகக் கற்றவர்களில் பெரும்பாலோர் கையின் ஆட்டத்தை நிறுத்தவே ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கை ஆடத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம். பார்வையை இலக்கிலிருந்து மீட்டு முன் சைட்டின் மேல் விளிம்பில் நிறுத்துவதும், அந்த ஆட்டத்தினூடே விசையைச் சீராக இழுப்பதும்தான் கற்க வேண்டியவை. இதை உங்களுக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

உயர்நிலை வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், ஏனெனில் அங்கே போனால் அடிப்படை பின்னால் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்த அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், கடைசி ஷாட்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டார். அதற்குப் பூஜ்யம் விழுந்தது. தங்கத்தின் வாசலில் நின்றவர் எட்டாம் இடத்துக்குப் போனார். சுடும் திறனில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. நாம் நின்று சுடும் தடத்தின் எண்ணை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது முதல் நாள் பாடம். உயர்நிலையில் நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, அந்த முதல் நாள் பாடம் நெருக்கடியிலும் நழுவாமல் இருக்கப் பழக்குவதுதான்.

மறுமொழி 2

பயிற்சியாளர் ஐயா சொன்னதற்கு என் அனுபவத்தைச் சாட்சியாக வைக்கிறேன். நானும் நேரடியாக இடைநிலையில் சேர்ந்தவன். அங்கே யாரும் தடுக்கவில்லை. என் புள்ளிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் ஆகியும் என் ஷாட்கள் வலக்கைக்காரர்களுக்கு வழக்கமாக விழும் அதே இடத்தில், இடப்பக்கம் கீழே விழுந்துகொண்டிருந்தன. நான் சைட்டைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

பிறகு வேறோர் இடத்தில் ஒரு மூத்த பயிற்றுநர் என் மேகசினை வாங்கி, நான் பார்க்காதவாறு தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன். டிக் என்ற ஒலி மட்டுமே வந்தது. ஆனால் குழல் முனை ஒரு விரற்கடை அளவு கீழே குத்தியது. வெடிக்காத துப்பாக்கி ஏன் அசைய வேண்டும்? வரப்போகும் அதிர்வுக்கு அஞ்சி என் மணிக்கட்டு முன்கூட்டியே அழுத்திக்கொண்டிருந்தது. அத்தனை மாதங்களும் வெடியின் உதைப்பு அந்த அசைவை என் கண்ணிலிருந்து மறைத்து வந்திருக்கிறது. அவர் எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இங்கே சொல்வதில் கூச்சமில்லை.

அன்றே அடிப்படை வகுப்புக்குத் திரும்பினேன். காதடைப்பும் அதன்மேல் காதுமூடியுமாக இரட்டைப் பாதுகாப்பு போட்டபோதே பாதி அச்சம் போய்விட்டது. பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடியது, உடல் அதற்கு மிரள்வது இயல்பே. மீதி அச்சம் போக மூன்று மாதமாயிற்று. நண்பரே, உங்களுக்கு ஓர் ஆண்டுப் பழக்கம்தான் .22-இல் இருக்கிறது, எனக்குப் போல வேரூன்றுவதற்கு முன்பே பிடுங்கிவிடலாம்.

மறுமொழி 3

தங்கையின் கண் குறித்து மட்டும் சொல்கிறேன். எனக்கும் கையும் கண்ணும் மாறித்தான் இருக்கின்றன.

முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் அதே இடத்தில் நிற்கிறதோ அதுவே முந்தும் கண்.

இடது கண்தான் என்று தெரிந்தால், ரைபிளாக இருப்பின் இடத்தோளில் வைத்துத் தொடங்குவதே நல்லது. கன்னம் பதியும் பக்கத்துக் கண்ணால்தான் பார்க்க முடியும். புதிதாகத் தொடங்குபவருக்கு எந்தத் தோளும் ஒன்றே. பிஸ்டலில் அவ்வளவு கட்டாயம் இல்லை. வலக்கையில் பிடித்துத் தலையைச் சற்றே திருப்பி இடக்கண்ணால் பார்ப்பவர்கள் உண்டு; வலக்கண்ணாலேயே பார்த்து, மற்றக் கண்ணின் முன் மறைப்பு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவது மட்டும் வேண்டாம். முகத்தசை இறுகி, திறந்திருக்கும் கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும்.

கையை மாற்றுவது இயலாத காரியம் என்று அவள் அஞ்சினால் ஹங்கேரியின் காரோய் டாகாச்சைப் பற்றிச் சொல்லுங்கள். 1938-இல் ராணுவப் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. இடக்கையால் புதிதாகக் கற்றுக்கொண்டு 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் (விரைவாகச் சுடும்) பிஸ்டலில் தங்கம் வென்றார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் மறுமொழியை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். விரல் எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இடப்பக்கத் தடத்தில் அன்று ஒருவர் நின்றிருந்தார் என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. இன்று காலை சுடுதளத்துக்குப் போய் அடிப்படை வகுப்பில் இருவர் பெயரையும் பதிவு செய்துவிட்டேன். தங்கைக்கு இடது கண்தான் முந்துகிறது என்பதும் உறுதியாயிற்று.

வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை வீட்டில் ஏதேனும் செய்யலாமா? இருவரும் ஒரே வேளையில் பயிற்சி எடுப்பதில் சிக்கல் உண்டா?

மறுமொழி 4: அதே பயிற்சியாளர்

மகிழ்ச்சி. இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். செய்முறை விளக்கங்களில் சேர்ந்து அமருங்கள். ஆனால் தோட்டா போட்டுச் சுடும் வேளையில் தனித்தனித் தடம் கேளுங்கள், ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னால் நின்று எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணன் ஒன்று சொல்லி ஆசிரியர் ஒன்று சொன்னால் புதியவருக்குக் கை எதைக் கேட்பது என்று தெரியாமல் போகும். நான் முதல் தோட்டாவைக் கொடுக்கும்போது ஒரு மாணவருக்கு அருகில் நான் ஒருவனாகவே நிற்பது வழக்கம். தங்கைக்கும் அப்படி ஒருவர் நிற்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து பேருக்கு ஒருவர் என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசை இழுக்கும் பயிற்சி செய்யலாம். டிரை ஃபயர் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு ஏர் பிஸ்டலே போதும். போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கும். .22-ஐ இப்போதைக்குத் தொட வேண்டாம், சில மாடல்களில் வெற்று அறையில் ஊசி தட்டினால் அறையின் விளிம்பு சேதமாகும். குண்டுப் பெட்டியை வேறோர் அறையில் வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பின்பு, மறுபுறம் ஆள் நடமாட்டம் இல்லாத சுவருக்கு எதிரே நில்லுங்கள்.

இலக்கு எதையும் ஒட்ட வேண்டாம். வெறும் வெள்ளைச் சுவர் போதும். பிஸ்டலை உயர்த்தி, கண்களை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டுக் கை எங்கே இயல்பாகத் தங்குகிறதோ அங்கே தங்கவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். முன் சைட் நடுவில் இல்லாவிட்டால் கையை இழுக்காமல் பின்காலை ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள். பிறகு விசை விழும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டுப் பத்து நொடிக்குள் விசை விழாவிட்டால் கையை இறக்கிவிடுங்கள், அதன்பின் கண்ணும் தசையும் ஒத்துழைக்காது. நாளுக்கு இருபது நிமிடம் போதுமானது.

ஒவ்வொரு முறை கையை இறக்கும்போதும் உங்கள் சுட்டுவிரல் எங்கே இருக்கிறது என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுடையதை நீங்கள் பாருங்கள்.