பில் போடும் திரையில் பில்லுக்குத்தான் இடமில்லை

சந்தையடிக் கடை:
எங்கள் கடையில் (சுன்னாகம், ஹார்ட்வெயார்) பில் போடும் மென்பொருளைப் போன வாரம் புதுப்பித்துவிட்டார்கள். பிரவுசரில் திறக்கிற சாமான். முந்தி ஒரு பில் முழுக்க ஒரே திரையில் தெரியும், இப்போது மேலே தடித்த நீலப் பட்டை, அதில் என் கடைப் பெயர் (என் கடைப் பெயர் எனக்குத் தெரியாதா?), அதற்குக் கீழே பெரிய பெரிய பட்டன்கள், பிறகு ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மாட்டுவண்டி போகிற அளவு வெள்ளை இடம். ஆறு வரி தாண்டினால் உருட்டவேண்டும். ஆணி, பெயின்ட், பைப் என்று கனக்க வாங்குகிறவர் வந்தால் எதைப் போட்டேன் எதை விட்டேன் என்றே தெரியவில்லை, பின்னால் சனம் நிற்கும். கேட்டால் பெரிய மொனிட்டர் வாங்கட்டாம். 14 அங்குல லப்டொப், 1366×768 பிக்சல். வேறு வழி ஏதும் உண்டா?

நல்லூர் வயர்மன்:
அண்ணை, முதலில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேல் (எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் பெருப்பிக்கிற அளவு) எத்தனை என்று பாருங்கோ. 125% என்றால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 1093×614 அளவு இடம்தான். 100 ஆக்குங்கோ. எஃப் 11 அழுத்தினால் பிரவுசரின் டாப், முகவரிப் பட்டை எல்லாம் மறையும். கொன்ட்ரோலோடு மைனஸ் அழுத்தினால் பக்கமே சுருங்கும்.

கோண்டாவில் கோடர்:
செய்கிறவர்கள் பக்கம் இருந்து சொல்கிறேன். ஃபோனுக்கும் கொம்பியூட்டருக்கும் தனித்தனியாகச் செய்யக் காசும் இல்லை நேரமும் இல்லை என்று ஒன்றையே இரண்டுக்கும் போடுகிறார்கள். ஃபோனில் விரலால் தொடும் பட்டனுக்குக் குறைந்தது 48 டிபி என்கிறது கூகுள், 44 பொயின்ட் என்கிறது அப்பிள் (இரண்டும் திரையில் அளக்கிற அலகுகள்), அது விரலுக்குச் சரி. மவுஸ் முனைக்கு எதற்கு அவ்வளவு? இதில் இன்னொரு கூத்து, பழைய 1024×768 மொனிட்டருக்கும் உங்கள் லப்டொப்புக்கும் உயரம் ஒன்றுதான், அகலம் மட்டும்தான் கூடியது. ஆனால் எல்லோரும் பட்டையைக் கொண்டுபோய் மேலேயும் கீழேயும்தான் அடுக்குகிறார்கள். விண்டோஸ் 10இல் திரைக்கு அடியில் இருக்கிற டாஸ்க்பார் பட்டையைப் பக்கவாட்டில் வைக்கலாம், 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள், உயரத்தையும் 40 பிக்சலில் இருந்து 48 ஆக்கினார்கள். அதே வருடம் ஃபயர்பொக்ஸ் 89 பிரவுசரில், மேல் பட்டைகளை ஒடுக்குகிற கொம்பக்ட் தெரிவையும் மெனுவில் இருந்து ஒளித்தார்கள். சின்னத் திரை வைத்திருக்கிறவனை யாருக்கும் ஞாபகம் இல்லை.

மிஸ்:
கோடர் தம்பி சொல்வதை முழுக்க ஏற்கமாட்டேன். எனக்கு வெள்ளெழுத்து, நெருக்கி அடித்த பழைய திரைகளில் பக்கத்துப் பட்டனை அமத்தித் தொலைப்பேன். இடைவெளி எனக்கு வேணும். ஜிமெயிலில் வரிகளை நெருக்கவோ தள்ளவோ நாங்களே தெரிவு செய்யலாம்தானே, அப்படி ஒன்றை வைத்தால் சண்டையே இல்லை. கடை அண்ணை, சந்தா புதுப்பிக்கும் நேரம் பார்த்து அதைக் கேளுங்கோ, அப்போதுதான் காது கேட்கும்.

சந்தையடிக் கடை:
வயர்மன், ஓம், 125தான். 100 ஆக்கி எஃப் 11உம் போட்டேன், இப்போது பத்துப் பன்னிரண்டு வரி தெரிகிறது, பெரிய உதவி. ஆனால் பின்னேரம் கல்லாவில் இருக்கிறது அப்பா, அவருக்கு விலை கண்ணுக்குத் தெரியவில்லையாம், திரும்ப 125க்கு மாற்றச் சொல்லி நிற்கிறார்.

நல்லூர் வயர்மன்:
அப்படியென்றால் புது வைட் மொனிட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீங்கோ. ஒஃபிஸ்களில் கழிக்கிற பழைய 19 அங்குலச் சதுர மொனிட்டர் ஒன்று தேடுங்கோ, 1280×1024. உயரம் உங்களுடையதை விட மூன்றில் ஒரு பங்கு கூட. பிக்சலும் பெரிசு என்பதால் 100%இலேயே எழுத்து லப்டொப்பில் 125 வைத்த அளவுக்கு, ஏன் அதை விடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும், அப்பாவுக்கும் சரி. லப்டொப்பில் விஜிஏ ஓட்டை (பழைய மொனிட்டர் வயர் செருகுகிற இடம்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கோ, இல்லாவிட்டால் எச்டிஎம்ஐயில் இருந்து மாற்றும் வயர் ஒன்றும் வேணும்.