புதுப்பிப்பு: வடிகால் பள்ளத்துக்கு பேக்ஹோ போதுமா?

சுற்றுச்சுவரை ஒட்டி வடிகால் குழாய் பதிக்க பேக்ஹோ (முன்னால் மண் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டி) போதுமா, எக்ஸ்கவேட்டர் (தோண்டுவதற்கென்றே உள்ள, மேல்பகுதி சுழலும் வண்டி) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பேக்ஹோவையே எடுத்தோம், வேலை முடிந்தது, முழுத் திருப்தி. எக்ஸ்கவேட்டர் முழு வட்டமாகச் சுழலும், பேக்ஹோவின் பின்பக்கக் கை ஏறக்குறைய அரைவட்டம்தான், ஆனால் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே தோண்டும் பள்ளத்துக்கு அது தாராளம். வழக்கமான வண்டியே 4 மீட்டர் ஆழம் வரை தோண்டும். டயர் வண்டி என்பதால் சாலையில் தானே ஓடி வந்துவிட்டது. குழாய் பதித்ததும் முன்பக்க பக்கெட்டாலேயே மண்ணைத் தள்ளி மூடி, மிச்சத்தை டிப்பரில் ஏற்றியும் விட்டார்கள், ஒரே வண்டியில் இத்தனையும் நடப்பதுதான் இதன் பெரிய பலம்.

அப்புறம், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். தோண்டும்முன் வண்டியைத் தாங்கும் பக்கவாட்டுக் கால்கள் இரண்டும் கெட்டித் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எங்கள் மண் இளகியிருந்ததால் ஆபரேட்டர் அடியில் கனமான பலகை வைத்தார். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். ஆழம் 1.5 மீட்டரைத் தொட்டால், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்கவே இறக்காதீர்கள், சரிந்தால் ஏறித் தப்பிக்க நேரம் இருக்காது.

ஏற்கெனவே நிலத்தடியில் இருக்கும் குழாய் உடையாமல் எப்படித் தோண்டினீர்கள் என்று கேட்டவருக்கு: தண்ணீர்க் குழாய் குறுக்கே போன இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் தோண்டினோம்.