துவாலு போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புச் சிறுவர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்கு பசிபிக் பெருங்கடலில் உள்ள 'துவாலு' என்ற குட்டித் தீவு நாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறேன். ஒன்பது தீவுகள், மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், 1978இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை, அந்நாட்டுக்குரிய '.டிவி' (.tv) என்ற இணைய முகவரி முடிவைப் பிறர் பயன்படுத்துவதால் வரும் வருமானம் என்று அடிப்படைத் தகவல்கள் கையில் உள்ளன. 2023இல் ஆஸ்திரேலியாவுடன் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம் என்பதையும் சேர்த்துவிட்டேன்.

ஆனால் எனக்கு வேண்டியது அன்றாட வாழ்க்கை. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமானம் இல்லாத மாலைகளில் ஓடுபாதைதான் விளையாட்டு மைதானமாம்! இதை நேரில் பார்த்தவர்கள் இரண்டு வரி சொன்னால் போதும், பிள்ளைகள் துள்ளுவார்கள்.

அப்புறம், 'புலாக்கா' என்ற கிழங்கு. நிலத்தடி நன்னீர் எட்டும்வரை குழி தோண்டி அதில் வளர்க்கிறார்கள். கடல்நீர் உள்ளே கசிந்தால் பயிர் போச்சு. சேம்பு இனம்தான், ஆனால் ஆளுயரத்துக்கும் மேலே வளரும். 'ராட்சதச் சேம்பு' என்று எழுதலாமா? தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

வளைய வடிவப் பவளத்தீவுக்கு ஒரே சொல்லாக ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும். 'வட்டப் பவளத்திட்டு' சிறுவர் வாயில் நுழையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.